அரசுப் பணிகளையும் திட்டங்களையும் நிர்வகிக்கத் தொடங்குபவர்கள் கேட்கும் கேள்விகள்

அரசுத் துறையில் புதிதாகச் சேர்ந்த பொறியாளர்கள், கணக்குப் பிரிவுக்காரர்கள், திட்ட அலுவலகங்களுக்கு ஒப்பந்த அடிப்படையில் வந்தவர்கள், அரசோடு சேர்ந்து இயங்கும் தொண்டு நிறுவன ஊழியர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. நிதி விதிகளும் கொள்முதல் சட்டமும் நாட்டுக்கு நாடு வேறுபடும். உங்களுடையதை நீங்கள்தான் உட்கார்ந்து படிக்க வேண்டும். எங்கே போனாலும் மாறாத விஷயங்களை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

பணி, திட்டம் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. ஒரு பாலம் கட்டுவது, ஒரு மென்பொருளை நிறுவுவது போன்றவற்றுக்குத் தொடக்கம் உண்டு, முடிவு உண்டு, கடைசியில் கையில் ஒப்படைக்க ஒரு பொருள் உண்டு. இதைப் 'பணி' என்கிறேன். தாய்சேய் இறப்பைக் குறைப்பது போன்ற ஒரு நோக்கத்துக்காகப் பல பணிகளையும், பயிற்சி, பணப்பலன், விழிப்புணர்வு போன்ற தொடர் வேலைகளையும் ஒன்றாகக் கோத்து ஆண்டுக்கணக்கில் நடத்துவதைத் 'திட்டம்' என்கிறேன். பணிக்குப் பொறுப்பானவரிடம் "முடித்தாயா?" என்று கேட்கலாம். திட்டத்துக்குப் பொறுப்பானவரிடம் "ஏதாவது மாறியதா?" என்று கேட்க வேண்டும். ஐம்பது மருத்துவமனைக் கட்டடங்களைக் குறித்த நாளில் முடித்துவிட்டு, அவற்றில் செவிலியர் இல்லாமல் வைத்திருந்தால் பணிகள் ஐம்பதும் வெற்றி, திட்டம் தோல்வி.

தனியார் நிறுவனத்தில் பெரிய பணிகளை நடத்தியிருக்கிறேன். அரசில் என்ன புதிதாக இருக்கப்போகிறது?

மூன்று விஷயங்கள் உங்களைத் திணறடிக்கும். முதலாவது, பணம் ஆண்டோடு கட்டப்பட்டது. நிதியாண்டு முடிவதற்குள் செலவழிக்காவிட்டால் பெரும்பாலான இடங்களில் அந்த ஒதுக்கீடு காலாவதியாகிவிடும். அதனால் கடைசி மாதத்தில் ஒரு பதற்றமான செலவு அலை எழும். இரண்டாவது, முடிவெடுக்கிறவர், பணம் தருகிறவர், பயன்படுத்துகிறவர் மூவரும் வெவ்வேறு ஆட்கள். நிறுவனத்தில் வாடிக்கையாளருக்குப் பிடிக்காவிட்டால் வாங்கமாட்டார். அரசுச் சேவையைப் பெறுகிறவருக்கு மாற்றுக் கடை கிடையாது. ஆகவே பொருள் மோசமாக இருப்பது உங்களுக்குத் தாமதமாகத்தான் தெரியும். மூன்றாவது, சரியான முடிவை எடுத்தால் மட்டும் போதாது, அதை ஏன் எடுத்தோம் என்று ஐந்து வருடம் கழித்து முன்பின் தெரியாத ஒரு தணிக்கையாளருக்குப் புரியும்படி கோப்பில் வைத்திருக்க வேண்டும்.

பாதியில் இருக்கும் ஒரு பணிக்குப் பொறுப்பேற்றிருக்கிறேன். முதலில் எதைப் படிக்க?

ஒப்புதல் ஆணை, மதிப்பீடு, ஒப்பந்தம். இந்த வரிசையில், மூன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவைத்துப் படியுங்கள். அப்புறம் கடைசி மூன்று ஆய்வுக் கூட்டக் குறிப்புகள். பளபளப்பான காட்சித் தாள்களைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

பக்கத்தில் பக்கத்தில் என்று சொல்லக் காரணம் உண்டு. பள்ளிகளில் கழிவறை கட்டும் பணி என்று வைத்துக்கொள்வோம். ஒப்புதல் ஆணையில் "தண்ணீர் வசதியுடன் கூடிய கழிவறைகள்" என்று இருக்கும். மதிப்பீடு போட்டவர், தண்ணீர் இணைப்பு வேறு துறையின் வேலை என்பதால் கட்டடத்தை மட்டும் கணக்கிட்டிருப்பார். ஒப்பந்தம் மதிப்பீட்டிலிருந்து பிறப்பது. எனவே அதில் குழாயும் இருக்காது, தொட்டியும் இருக்காது. அவரவர் காகிதத்தில் யாரும் தப்பு செய்யவில்லை. திறப்பு விழாவுக்கு முந்தின வாரம் ஒருவர் குழாயைத் திறந்து பார்க்கும்போதுதான் விஷயம் வெளியே வரும். பின்னால் 'செயல்படுத்துவதில் குறை' என்று பெயர் வாங்கும் பலவற்றுக்கு விதை இந்த முதல் தாள்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியில்தான் விழுந்திருக்கும்.

நோக்கத்தை எப்படி எழுதுவது? எல்லா ஆவணத்திலும் "மக்களின் வாழ்க்கைத் தரத்தை உயர்த்துதல்" என்றுதானே இருக்கிறது?

அப்படி எழுதினால் யாரும் தோற்கவே முடியாது, அதுதான் அதன் கவர்ச்சி. நோக்கத்தை நான்கு படிகளாகப் பிரியுங்கள்: என்ன போடுகிறோம் (பணம், ஆட்கள்), என்ன செய்கிறோம், அதனால் என்ன கைக்கு வருகிறது, அதனால் யாருக்கு என்ன மாறுகிறது. ஒவ்வொரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே "இது நடந்தால்தான் அது நடக்கும்" என்ற அனுமானம் ஒளிந்திருக்கும், அதையும் எழுதுங்கள். அமெரிக்க அரசின் வளர்ச்சி உதவி நிறுவனமாக இருந்த யுஎஸ்எய்ட் 1969 வாக்கில் உருவாக்கிய 'லாக்ஃப்ரேம்' என்ற கட்டம் இதைத்தான் செய்கிறது. பல உதவி நிறுவனங்கள் இன்றும் அதைக் கேட்கின்றன. கட்டத்தை அழகாக நிரப்புவதில் காட்டும் அக்கறையை அனுமானங்கள் இருக்கும் கடைசி நெடுவரிசையில் காட்டினால் நல்லது. அங்கேதான் பலரும் சோர்ந்துபோய் "போதிய ஒத்துழைப்பு கிடைக்கும்" என்று எழுதி முடித்துவிடுகிறார்கள்.

எதை எண்ணுகிறோம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு, பெரியம்மை ஒழிப்பைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனம் 1967இல் அந்த முயற்சியைத் தீவிரப்படுத்தியபோது, மக்கள்தொகையில் 80 சதவீதம் பேருக்காவது தடுப்பூசி போடுவது என்பது பழக்கத்தில் இருந்த இலக்கு. போட்ட ஊசிகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனாலும் நெரிசலான பகுதிகளில் நோய் அடங்கவில்லை. பிறகு கவனம் ஊசியிலிருந்து நோயாளிக்குத் திரும்பியது. ஒவ்வொரு நோயாளியையும் தேடிக் கண்டுபிடி, அவரைச் சுற்றியிருப்பவர்களுக்கு உடனே ஊசி போடு, அந்த வாரம் எத்தனை புது நோயாளிகள் என்று எண்ணு. இயற்கையாகப் பரவிய கடைசி நோயாளி 1977இல் சோமாலியாவில் கண்டறியப்பட்டார். 1980இல் நோய் ஒழிந்ததாக அறிவித்தார்கள். கையில் இருந்தது அதே தடுப்பு மருந்துதான். எண்ணும் பொருள் மாறியதும் வேலை செய்கிற விதமே மாறிவிட்டது.

செலவு மதிப்பீடு ஏன் எப்போதும் எகிறுகிறது? விலைவாசிதான் காரணமா?

விலைவாசி ஒரு பங்கு. மீதியைப் பேச யாருக்கும் மனம் வருவதில்லை. பென்ட் ஃப்ளூபியர்க் என்ற டேனிஷ் ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 258 போக்குவரத்துக் கட்டுமானப் பணிகளை ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட முடிவு இது: பத்தில் ஒன்பது பணிகளில் செலவு குறைத்து மதிப்பிடப்பட்டிருந்தது. சராசரியாக ரயில் பணிகள் 45 சதவீதமும், பாலங்களும் சுரங்கப்பாதைகளும் 34 சதவீதமும், சாலைகள் 20 சதவீதமும் மதிப்பீட்டைத் தாண்டியிருந்தன. இவை விலையேற்றத்தைக் கழித்துவிட்டுக் கணக்கிட்ட எண்கள். தவறு தற்செயலானது என்றால் பாதிப் பணிகளாவது மதிப்பீட்டுக்குக் கீழே முடிந்திருக்க வேண்டாமா?

ஒப்புதல் வாங்க வேண்டும் என்பதற்காக எண்ணை அமுக்கி எழுதுவது ஒரு காரணம். இன்னொன்று, நம் பணி மட்டும் தனி ரகம், மற்றவர்களுக்கு வந்த தொல்லை நமக்கு வராது என்கிற நம்பிக்கை. சிட்னி ஓப்பரா மாளிகை 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலரில் 1963இல் முடியும் என்றார்கள், 10.2 கோடியில் 1973இல் திறந்தார்கள். கூரையை எப்படிக் கட்டுவது என்று வடிவமைப்பாளர்களுக்கே தெளிவாகாத நிலையில், அரசியல் அவசரத்தால் 1959இல் அடித்தள வேலையைத் தொடங்கியதால், கூரையின் எடையைத் தாங்காத தூண்களைப் பிறகு மாற்றிக் கட்ட நேர்ந்தது.

மருந்து எளிது, விழுங்கத்தான் கசப்பு. உங்கள் பணியை அடியிலிருந்து கூட்டிக்கொண்டு வருவதோடு நிறுத்தாமல், இதே வகையைச் சேர்ந்த பத்துப் பதினைந்து பழைய பணிகளின் கோப்பை எடுத்து, தொடக்க மதிப்பீடு எவ்வளவு, முடிவுச் செலவு எவ்வளவு என்று பாருங்கள். அந்த விகிதத்தை உங்கள் எண்ணோடு பெருக்குங்கள். பிரிட்டன் அரசு 2003 முதல் இதை விதியாகவே வைத்திருக்கிறது: வழக்கமான கட்டடத்துக்கு 24 சதவீதம் வரை, வழக்கத்துக்கு மாறான கட்டடத்துக்கு 51 சதவீதம் வரை, கருவிகளும் கணினி அமைப்புகளும் உருவாக்கும் பணிகளுக்கு 200 சதவீதம் வரை தொடக்கத்திலேயே கூட்டிக் காட்டச் சொன்னது அந்த வழிகாட்டுதல். 200 என்பது அச்சுப் பிழை இல்லை.

கால அட்டவணைக்கு எந்த மென்பொருள் நல்லது?

எதுவானாலும் சரி. எது முடிந்தால் எதைத் தொடங்க முடியும் என்ற சங்கிலியில் மிக நீளமானது எது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனமும், அதற்கு அடுத்த ஆண்டே போலாரிஸ் ஏவுகணைக்காகக் கடற்படையும் 1957-58இல் இந்த முறையை உருவாக்கிய காலத்தில், இன்றைய மென்பொருள் எதுவும் கிடையாது. காகிதத்திலேயே செய்யலாம். அரசுப் பணிகளில் அந்த நீளமான சங்கிலி பெரும்பாலும் கட்டுமானத்தில் இருக்காது. நிலம் கைக்கு வருவது, மரம் வெட்ட அனுமதி, மின்கம்பம் மாற்றுவது, நிதித்துறைக் கருத்து ஆகியவற்றில் இருக்கும். கான்கிரீட் எத்தனை நாளில் இறுகும் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு கோப்பு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போக எத்தனை நாள் ஆகிறது என்று எத்தனை பேர் அளந்திருக்கிறார்கள்? பழைய கோப்புகளின் தேதிகளைப் பாருங்கள், உண்மையான கால அளவு அங்கே இருக்கிறது.

டெண்டரில் குறைந்த விலை கேட்டவருக்கே கொடுத்தாக வேண்டுமா?

பல நாடுகளில் தகுதி பெற்றவர்களுக்குள் குறைந்த விலைக்கே முன்னுரிமை. ஆனால் தகுதி என்ன, தரம் என்ன என்று எழுதும் அதிகாரம் டெண்டர் விடுவதற்கு முன்பு உங்கள் கையில்தான் இருக்கிறது. அதை அவசரத்தில் முந்தைய டெண்டரிலிருந்து நகலெடுத்துவிட்டு, பிறகு "மலிவு விலை ஆள்தான் வந்தான்" என்று புலம்பிப் பயனில்லை.

மொத்தத் தொகையை மட்டும் பார்க்காதீர்கள். ஒவ்வொரு வேலை இனத்துக்கும் தனித்தனியாகப் போட்ட விலையைப் பாருங்கள். முதலில் வரும் மண் வேலைக்குச் சந்தை விலையைப்போல மூன்று மடங்கு, கடைசியில் வரும் பூச்சு வேலைக்குப் பாதி விலை என்று போட்டிருந்தால், மொத்தம் குறைவாகவே தெரியும். மண் வேலை முடிந்து பில் வாங்கியதும் அந்த ஒப்பந்ததாரருக்குப் பணியில் ஆர்வம் போய்விடும், மீதி வேலை அவருக்கு நஷ்டம்தானே. இன்னொரு பக்கமும் உண்டு. பில்லை ஆறு மாதம் இழுத்தடிக்கும் அலுவலகம் என்று பெயர் எடுத்துவிட்டால், வட்டிச் செலவையும் சேர்த்துத்தான் எல்லோரும் விலை கேட்பார்கள். நல்ல ஒப்பந்ததாரர்கள் கேட்கவே வரமாட்டார்கள்.

ரிஸ்க் பதிவேடு (என்னென்ன தவறாகப் போகலாம் என்ற பட்டியல்) வெறும் சடங்குதானே?

நிரப்பி அலமாரியில் வைத்தால் சடங்குதான். ஒவ்வொரு ரிஸ்க்குக்கும் எதிரே ஒரு ஆளின் பெயரும், "இந்தத் தேதிக்குள் இது நடக்காவிட்டால் இதைச் செய்வோம்" என்ற ஒரு வரியும் இருந்தால் அது வேலைக்கு ஆகும். பத்து வரிக்கு மேல் போனால் யாரும் படிக்க மாட்டார்கள்.

"90 சதவீதம் முடிந்தது" என்கிறார்கள். மூன்று மாதமாக அதே 90. எப்படிப் புரிந்துகொள்வது?

முதலில் 90 எதில் என்று கேளுங்கள். செலவிலா, காலத்திலா, வேலையிலா? பல அறிக்கைகளில் செலவான பணத்தின் சதவீதத்தையே முன்னேற்றம் என்று எழுதிவிடுகிறார்கள். பணம் செலவானதற்கும் வேலை நடந்ததற்கும் தொடர்பு இருக்க வேண்டும், ஆனால் தானாக இருக்காது.

ஒரு கணக்கு. பத்து மாதத்தில் 20 சிறு கட்டடங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒதுக்கீடு 100, ஆக மொத்தம் 2,000. ஐந்தாம் மாத முடிவில் 10 முடிந்திருக்க வேண்டும், அதாவது 1,000 பெறுமான வேலை. செலவு 900 என்று அறிக்கை வருகிறது. அறைக்குள் எல்லோருக்கும் மகிழ்ச்சி, 100 மிச்சம். கள ஆய்வுக்குப் போய் எண்ணிப் பார்த்தால் முடிந்தது 7. அதாவது 700 பெறுமான வேலைக்கு 900 செலவாகியிருக்கிறது. இதே வேகத்தில் போனால் மொத்தச் செலவு 2,570ஐத் தொடும், கால அளவும் பத்து மாதத்திலிருந்து பதினான்கு மாதமாகும். மிச்சம் என்று நினைத்தது உண்மையில் பற்றாக்குறையும் தாமதமும் சேர்ந்தது. திட்டமிட்ட வேலை, நடந்த வேலை, செலவான பணம் என்ற மூன்று எண்களையும் ஒரே அளவையில் வைத்துப் பார்க்கும் இந்த முறையை அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1960களில் ஒப்பந்தங்களில் கட்டாயமாக்கியது. 'ஈட்டிய மதிப்பு மேலாண்மை' என்ற பெயர் பெரிதாக இருந்தாலும் உள்ளே இருப்பது இந்தக் கூட்டல் கழித்தல்தான்.

பாதி முடிந்த கட்டடத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று சண்டை வரும். என் பழக்கம்: பூட்டுப் போட்டு சாவியை வாங்கினால் நூறு, இல்லாவிட்டால் சுழியம். கொஞ்சம் முரட்டுத்தனம்தான், ஆனால் யாரும் ஏமாற்ற முடியாது. இன்னொன்று, அறிக்கையில் "நடவடிக்கையில் உள்ளது" என்று வரும் ஒவ்வோர் இடத்திலும் யாரிடம், எந்தத் தேதியிலிருந்து என்று கேளுங்கள். இரண்டு கூட்டத்துக்குப் பிறகு அந்தச் சொல் அறிக்கையிலிருந்து தானாகவே காணாமல் போகும்.

ஒரே நாளில் எல்லா இடத்திலும் தொடங்கச் சொல்லி மேலிருந்து அழுத்தம். மறுக்க முடியுமா?

நேராக மறுப்பது கஷ்டம். அவசரத்துக்குக் கொடுக்க வேண்டிய விலையைக் காட்டலாம். அமெரிக்காவின் ஹெல்த்கேர்.கவ் என்ற காப்பீட்டுத் தளம் 2013 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்டது. முதல் நாளில் லட்சக்கணக்கானோர் முண்டியடித்தார்கள். பதிவை முடிக்க முடிந்தவர்கள் ஆறு பேர். பல நிறுவனங்கள் பகுதி பகுதியாக எழுதியதை ஒன்றுசேர்த்து முழுமையாகச் சோதிக்க நேரம் விடவில்லை. முழுமைக்கும் பொறுப்பான ஒரே ஆள் யார் என்ற கேள்விக்கும் தெளிவான பதில் இல்லை. பிறகு வந்து சரிசெய்த குழு, பதவியைப் பார்க்காமல் பிரச்சினை தெரிந்தவரைப் பேசவிடும் தினசரிக் கூட்டங்களோடுதான் வேலையைத் தொடங்கியது.

கனடா அரசின் ஃபீனிக்ஸ் சம்பள முறை இன்னும் கொடுமை. 2016இல் சுமார் 3 லட்சம் அரசு ஊழியர்களின் சம்பளம் அதற்கு மாற்றப்பட்டது. செலவைக் கட்டுப்படுத்தச் சில வசதிகளை வெட்டினார்கள், முன்னோட்டச் சோதனையைக் கைவிட்டார்கள், பழைய முறையை அறிந்த சம்பளப் பிரிவு ஊழியர்களையும் முன்கூட்டியே குறைத்துவிட்டார்கள். சேமிப்பு வந்ததாகக் கணக்கில் எழுதி மகிழ்ந்த பிறகு, ஆயிரக்கணக்கானோருக்குச் சம்பளம் குறைந்தோ, கூடியோ, வராமலோ போனது.

ஆகவே, ஒரே ஒரு மாவட்டத்தில் ஆறு வாரம் சோதனை ஓட்டம் என்று கேளுங்கள். அதுவும் கிடைக்காவிட்டால், பழைய முறையைப் புதியது நிலைபெறும் வரை மூடாமல் வைத்திருக்கவாவது எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். சோதனை எதில் தோற்றால் தொடக்கத்தைத் தள்ளிப்போட வேண்டும் என்ற பட்டியலையும் முன்கூட்டியே கையெழுத்தாக்கிவிடுங்கள். பெர்லின் புதிய விமான நிலையத்தின் 2012 ஜூன் திறப்பு விழா, நான்கு வாரம்கூட இல்லாதபோது, தீப்பாதுகாப்பு அமைப்பு தேறாததால் நிறுத்தப்பட்டது. திறந்தது 2020 அக்டோபரில். கடைசி நேரத்தில் நிறுத்தியது அவமானம்தான், ஆனால் புகை வெளியேறாத கட்டடத்தில் பயணிகளை ஏற்றாமல் விட்டது அந்தப் பணியின் மிகச் சரியான முடிவுகளில் ஒன்று.

பாதி வேலையில் "இதையும் சேர்த்துவிடுங்கள்" என்கிறார்கள். என்ன செய்ய?

"சரி" என்றோ "முடியாது" என்றோ உடனே சொல்லாதீர்கள். "எவ்வளவு பணம், எத்தனை நாள் கூடும் என்று இரண்டு நாளில் தருகிறேன்" என்று சொல்லுங்கள். எண் வந்ததும் பாதிக் கோரிக்கைகள் தாமாகவே மறைந்துவிடும். வாய்மொழி உத்தரவு என்றால், அன்று மாலையே "தாங்கள் இன்று அறிவுறுத்தியபடி…" என்று ஒரு கடிதம் அனுப்பிவிடுங்கள். இது மரியாதைக் குறைவு ஆகாது. உத்தரவிட்டவருக்கும் சேர்த்தே அது பாதுகாப்பு.

தணிக்கைக்குப் பயந்து யாரும் முடிவே எடுப்பதில்லையே?

உண்மைதான். முடிவெடுக்காததற்குத் தணிக்கை ஆட்சேபம் வருவது அபூர்வம் என்பதால் இந்தப் பயம் கெட்டியாக நிற்கிறது. கோப்பில் நான்கு வரி எழுதப் பழகுங்கள்: என்னென்ன வழிகள் இருந்தன, அன்று கையிலிருந்த தகவல் என்ன, எதைத் தேர்ந்தெடுத்தோம், ஏன். பின்னால் விளைவு தவறாகவே போனாலும், நியாயமாக யோசித்து எடுத்த முடிவுக்கும் கவனக்குறைவுக்கும் உள்ள வேறுபாடு அந்த நான்கு வரிகளில் தெரியும். எழுதாத காரணத்தை ஐந்து வருடம் கழித்து உருவாக்க முயலும்போதுதான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஆட்சி மாறினால் திட்டம் என்னாகும்?

பெயர் மாறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளடக்கம் தப்பிக்குமா என்பது கையில் என்ன ஆதாரம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. மெக்சிகோ 1997இல் தொடங்கிய புரோக்ரெசா திட்டம், குழந்தைகளைப் பள்ளிக்கும் சுகாதாரப் பரிசோதனைக்கும் அனுப்பும் ஏழைக் குடும்பங்களுக்குப் பணம் தந்தது. எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் தொடங்கப் பணம் இல்லை. அந்தப் போதாமையையே பயன்படுத்திக்கொண்டு, 506 ஊர்களில் குலுக்கல் முறையில் 320 ஊர்களுக்கு முதலிலும் மீதிக்குப் பின்னாலும் கொடுத்து, இரண்டையும் ஒப்பிட்டார்கள். 2000இல் எதிர்க்கட்சி ஆட்சிக்கு வந்தது. திட்டத்தின் பெயர் ஒப்போர்த்துனிதாதெஸ் என்று மாறியது, திட்டமோ நகரங்களுக்கும் விரிந்தது. தொடங்குவதற்கு முந்தைய நிலையை அளந்து வைக்காமல் விட்டால், பிறகு எவ்வளவு செலவழித்தாலும் இந்த ஆதாரத்தை உருவாக்க முடியாது.

சான்றிதழ் படிப்பு அவசியமா?

வேலை விண்ணப்பத்துக்கு உதவும். பிஎம்பி, பிரின்ஸ் 2 என்ற இரண்டு மேலாண்மைச் சான்றிதழ்களில் பிஎம்பி பொதுவானது, பிரின்ஸ் 2 பிரிட்டன் அரசின் கணினிப் பணிகளுக்கான முறையிலிருந்து வளர்ந்தது என்பதால் அரசு வேலைக்குக் கொஞ்சம் நெருக்கம். ஆனால் ஒன்றை முதலில் படிக்க வேண்டும் என்றால், உங்கள் நாட்டுத் தணிக்கை அமைப்பின் அறிக்கைகளைப் படியுங்கள். இலவசம், உங்கள் விதிகளின்படி எழுதப்பட்டவை, சறுக்கல் எந்தத் தாளில் தொடங்கியது என்று தேதியோடு இருக்கும்.

பணி முடிந்தது என்று எப்போது எழுதலாம்?

அதை இனிமேல் நடத்தப்போகிறவர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்ட பிறகு. வரைபடங்கள், உத்தரவாதச் சீட்டுகள், கடவுச்சொற்கள், உதிரி பாகங்களின் பட்டியல், பராமரிப்புக்கான நிதித் தலைப்பு, அதில் அடுத்த ஆண்டுக்குப் போட்ட தொகை எல்லாம் அந்த ஒப்படைப்புத் தாளில் இருக்க வேண்டும். வாங்கிக்கொள்ள ஆளே இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிகிறது என்றால், அந்தப் பெயரை ஒப்புதல் ஆணைக்கான முன்மொழிவிலேயே கேட்டு எழுதியிருக்க வேண்டும். அடுத்த பணிக்கு முன்மொழிவு எழுதும்போது அந்தக் கட்டத்தை நிரப்பாமல் கோப்பை மேலே அனுப்பாதீர்கள்.